இருபத்துநாலு இடம் என்று சொன்னது யார்?

உயிரியல் துறையின் தலைவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார். மாறாதவை இரண்டு. ஒன்று, மாடிப்படித் திருப்பத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் வாயைப் பிளந்தபடி ஊறிக்கொண்டிருக்கும் சுறாக்குட்டி. இன்னொன்று, பாடப்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா. இந்த இருவரில் யாருக்கு மாணவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள் என்று தேர்தல் வைத்தால் சுறாவுக்கு டெபாசிட் கூடத் தேறாது.

மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அதுக்குமுன்னாடி'. மரபியல் எடுக்க வேண்டும் என்று வந்து நிற்கிறவனிடம், தலையை நிமிர்த்தாமலே, "அதுக்கு முன்னாடி செல் உயிரியல் முடிச்சியா?" என்பார். முடித்தேன் என்றால், "அதுக்கு முன்னாடி வேதியியல்?" என்பார். இப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால் ஒருநாள் அமீபாவில் போய் நின்றுதான் பதிவு கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. வீட்டிலும் இதே கதைதான். புது சோபா வாங்கலாமா என்று கணவர் கேட்டால், "அதுக்கு முன்னாடி பழசு எங்க போகும்?" என்பார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மேலயும் கீழயும் போறவன். இவ மட்டும் எப்பவும் பின்னாடியே போறவ" என்று மச்சானிடம் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்வார். மச்சான் அக்காவின் சொந்தத் தம்பி என்பதால் ஆறுதல் கிடைக்காது.

பத்தொன்பது வருடமாக அக்கா செய்கிற வேலை கேட்பதற்குச் சுலபம். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர், அதாவது ஒரு பேராசிரியர், உண்டு. மாணவர் அவரைப் பார்த்துப் பேசி, அடுத்த செமஸ்டரில் என்னென்ன பாடம் என்று முடிவு செய்து, ஒரு படிவத்தில் அவருடைய கையெழுத்தை வாங்க வேண்டும். படிவம் அக்காவின் ஜன்னலுக்கு வரும். கம்ப்யூட்டரில் அந்த மாணவரின் பெயருக்கு எதிரே இருக்கும் தடையை அக்கா நீக்குவார். அதன் பிறகுதான் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பதிவுப் பக்கம் அவருக்குத் திறக்கும். நல்ல லேப் பாடங்கள் எட்டரைக்குள் நிரம்பிவிடும். ஒரு நாள் தாமதமானால் ஒரு வருடம் போச்சு. "என் மேசையில ஒரு தாள் தூங்கினதா சரித்திரமே இல்ல" என்று அக்கா சொல்வார். சொல்கிற தோரணையில் சரித்திர ஆசிரியர்களே குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

ஆலோசகர்கள் பல ரகம். யார் வந்தாலும் தன் பாடத்தையே எடுக்கச் சொல்கிற ரகம் ஒன்று. மாணவன் வாயைத் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டுத் துரத்துகிற ரகம் ஒன்று. இவர்கள் நடுவே தவளை சார் ஒரு தங்கம். சதுப்பு நிலத்தில் தவளை எண்ணுவது அவருடைய ஆராய்ச்சி. ஒவ்வொரு மாணவரோடும் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மிச்சமுள்ள பாடங்களை எல்லாம் படம் போட்டுக் காட்டி அனுப்புவார். அவரிடம் இருந்த ஒரே குறை, எதையும் பென்சிலில்தான் எழுதுவார். மழையில் பேனா மை கரைந்து ஓடும், பென்சில் ஓடாது. முப்பது வருடம் சேற்றில் நின்று எழுதிய பழக்கம், கூரைக்குக் கீழே வந்த பிறகும் விடவில்லை. கல்யாணப் பதிவேட்டிலும் பென்சிலில்தான் போட்டிருப்பார், அவர் மனைவி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்பது அக்காவின் கருத்து.

விதிப்படி கையெழுத்து மையில் இருக்க வேண்டும். வழக்கமாக அக்கா போன் போடுவார், தவளை சார் அசட்டுச் சிரிப்போடு வருவார், அக்காவின் பேனாவை வாங்கிப் பென்சில் கோட்டின் மேலேயே இழுத்துவிட்டுப் போவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மூச்சு வாங்க ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். கடைசி வருடம். காலையில் மருந்துக்கடையில் வேலை, மதியத்துக்கு மேல் வகுப்பு. கடைச் சீருடையைக் கூட மாற்றவில்லை.

"அக்கா, காலைல எட்டு மணிக்கு கடையிலருந்தே போன்ல பதிவு பண்ணப் பார்த்தேன். ஆலோசகர் ஒப்புதல் இல்லன்னு வந்துச்சு. சார் வெள்ளிக்கிழமையே கையெழுத்து போட்டுட்டாரே."

"அதுக்கு முன்னாடி, ஃபாரத்த யார்கிட்ட குடுத்த?"

"உங்ககிட்டதான். இதே ஜன்னல்ல. நீங்க நிமிர்ந்து கூட பாக்கல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா கையை நீட்டி, 'திருப்பி அனுப்ப' என்று எழுதிய தட்டை இழுத்தார். மேலாகவே இருந்தது படிவம். அதில் பென்சில் கையெழுத்து. அதன் மேல் மஞ்சள் சீட்டில் அக்காவின் எழுத்து: 'மை தேவை.'

"பென்சில்ல போட்டிருக்காரும்மா."

"சார் எப்பவுமே பென்சில்தானே அக்கா?"

"ஆமா. நான் கூப்பிட்டு பேனா குடுப்பேன்."

"இந்தத் தடவ கூப்பிட்டீங்களா?"

அக்கா கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுபது படிவம் ஒன்றாக வந்து விழுந்தன. திங்கட்கிழமை கூப்பிடலாம் என்று சீட்டு ஒட்டினார். திங்கட்கிழமை தவளை சார் சதுப்பு நிலத்துக்குப் போய்விட்டார். பத்து நாள். அங்கே தவளைக்குத்தான் சிக்னல் கிடைக்கும்.

அவர் இல்லாத நேரத்தில் துறைத்தலைவர் கையெழுத்துப் போடலாம். அக்கா படிவத்தோடு ஓடினார், இரண்டு நொடியில் கையெழுத்து வாங்கினார், தடையை நீக்கினார். ஆனால் திசுவியல் லேப் காலை எட்டு இருபதுக்கே நிரம்பியிருந்தது. இருபத்துநாலு இடம், இருபத்துநாலு பெயர். அந்தப் பெண் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக உட்கார்ந்தாள். பட்டியல் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, பதிவு முடியும்போது, அழிந்துவிடும்.

"இந்த ஒரு லேப்தான் அக்கா பாக்கி" என்றாள் பெண். "இது முடிச்சாதான் டிகிரி. ஆஸ்பத்திரி லேப்ல எனக்கு வேல எடுத்து வெச்சிருக்காங்க, இந்த செமஸ்டர் முடிச்சிட்டு வான்னு. அடுத்த வருஷம் வரைக்குமா வெச்சிருப்பாங்க?"

வேறு நாளாக இருந்தால் அக்கா விதி எண்ணைச் சொல்லி, அடுத்த ஆள் என்று குரல் கொடுத்திருப்பார். அன்றைக்கு எழுந்து நின்றார். வரிசையில் இருந்தவர்களுக்கு அக்கா எவ்வளவு உயரம் என்று தெரிந்ததே அன்றுதான்.

"தப்பு என்னோடது. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள உனக்கு இடம் எடுத்துக் குடுக்கறேன்."

"எப்படிக்கா?"

"எப்படின்னு எனக்கே தெரியாது. ஆனா எடுத்துக் குடுப்பேன். நீ கிளாசுக்குப் போ."

முதலில் துறைத்தலைவரிடம் போனார். "சிஸ்டத்துல இருபத்துநாலுதாம்மா இருக்கு. நம்ம கையில என்ன இருக்கு?" என்று அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லைதான். அடுத்து கம்ப்யூட்டர் மையத்துக்குப் போன்.

"நம்பர் நாங்க போடறதில்ல மேடம். வருஷா வருஷம் துறையிலருந்து ஒரு தாள் வரும். அதுல உள்ளத அப்படியே ஏத்துவோம்."

"அந்தத் தாள யாரு அனுப்பறா?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்... மேடம், கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

அக்கா போனை வைத்தார். ஆக, தலைவர் பணிந்த சிஸ்டம், சிஸ்டம் பணிந்த தாள், தாளுக்குக் கீழே இவர். பத்தொன்பது வருடமாக யாருடைய உத்தரவுக்கு எல்லோரும் நடுங்கினார்களோ, அந்த மேலிடம் அவரேதான். ஒரு நிமிடம் கூச்சமாக இருந்தது. அடுத்த நிமிடம், அப்படியானால் வேலை சுலபமாகப் போயிற்றே என்று தோன்றியது.

பழைய கோப்பை இழுத்தார். இந்த வருடம் இருபத்துநாலு. போன வருடத் தாளைப் பார்த்து எழுதியது. போன வருடம் இருபத்துநாலு. அதற்கு முந்தின வருடத்தைப் பார்த்து எழுதியது. ஆறு வருடம் பின்னால் போனதும் எண் மாறியது. இருபத்தாறை அடித்து இருபத்துநாலு. ஓரத்தில் அவர் கையாலேயே ஒரு குறிப்பு: 'இரண்டு நுண்ணோக்கி பழுது. தற்காலிகம்.' தற்காலிகம் என்று எழுதிய எதற்கும் அலுவலகத்தில் ஆமையை விட ஆயுள் அதிகம்.

நேரே லேபுக்கு ஏறினார். அங்கே ஆட்சி செய்கிற உதவியாளருக்குப் பூட்டு அண்ணன் என்று பெயர். ஆள் வருவதற்கு முன் அவருடைய சாவிக்கொத்து வந்துவிடும்.

"அண்ணே, மைக்ராஸ்கோப் மொத்தம் எத்தன இருக்கு?"

"எதுக்கு?"

"எண்ணணும்."

"எண்ணறதுக்கு லெட்டர் இருக்கா?"

"போன மாசம் லீவு போட்டுட்டு லெட்டரே குடுக்காம இருந்தீங்களே, நான் கேட்டேனா?"

சாவிக்கொத்து குலுங்கியது. மேசைகளில் இருபத்துநாலு இருந்தன. கடைசி அலமாரியை அண்ணன் அரைமனதாகத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் பொம்மை மாதிரி இரண்டு. கழுத்தில் பழுது பார்த்த கடையின் சீட்டு.

"இது எப்பண்ணே சரியாகி வந்துச்சு?"

"அது ஆச்சு அஞ்சு வருஷம்."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

கேட்க வேண்டியவர் இரண்டு மாடிக்குக் கீழே உட்கார்ந்து, யாரும் சொல்லவில்லையே என்று பழைய தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஒரு வெங்காயத் தோலைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். ஒன்று பளிச்சென்று காட்டியது. இன்னொன்றில் விளக்கு எரியவில்லை.

"பல்பு இல்லியா?"

"இருக்கு."

"எங்க?"

"பூட்டி வெச்சிருக்கேன்."

பல்பு மாட்டியதும் அதுவும் காட்டியது. அண்ணனே குனிந்து ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தெரியுது" என்றார், யாரோ மறுத்ததைப் போல.

மறுநாள் காலை அக்கா துறைத்தலைவரின் மேசையில் ஒரு கடிதம் வைத்தார். லேபில் இருபத்தாறு நுண்ணோக்கிகள் வேலை செய்கின்றன, எண்ணைப் பழையபடி மாற்ற வேண்டும், ஐந்து வருடமாகப் பார்க்காமல் எழுதியது என் தவறு, படிவத்தைத் தேக்கியதும் என் தவறு என்று நாலே வரி. தலைவர் இரண்டு தடவை படித்தார்.

"இப்ப மாத்தினா, இத்தன வருஷம் ஏன் மாத்தலன்னு கேப்பாங்களேம்மா?"

"கேட்டா என் ஜன்னலுக்கு அனுப்புங்க சார்."

"நீங்களே தப்புன்னு எழுதிக் குடுக்கணுமா? சும்மா 'மறுபரிசீலனை'ன்னு போட்டா..."

"அஞ்சு வருஷம் சார். வருஷத்துக்கு ரெண்டு பேருன்னா பத்து பேரு. இடமில்லன்னு நான்தான் அவங்கள அனுப்பினேன். அதுல நாலு பேரு மொகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. மறுபரிசீலனைன்னு எப்படி எழுதறது?"

தலைவர் கையெழுத்துப் போட்டார். அக்கா பேனாவை நீட்டியபடியே நின்றார் என்பதால் வேறு வழியும் இல்லை.

மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு எண் மாறியது. அடுத்த நிமிடமே காத்திருப்போர் பட்டியலின் முதல் இரண்டு பெயர்கள் மேலே ஏறின. அக்கா மருந்துக்கடைக்குப் போன் போட்டார். அன்று மாலை வேலையும் அந்தப் பெண்ணுக்குத்தான்.

"இடம் கெடச்சிடுச்சும்மா."

அந்தப் பக்கம் "ஒரு நிமிஷம் அக்கா, கஸ்டமரு" என்று கேட்டது. யாருக்கோ மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போட வேண்டும் என்று விளக்குகிற குரல். குரல் நடுங்கினாலும் விளக்கத்தில் பிழையில்லை. அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நல்ல ஆள்தான் கிடைத்திருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

"அக்கா, நெஜமாவா? நீங்க பாத்தீங்களா?"

"ஸ்க்ரீன்ல உன் பேரு முன்னாடிதான் ஒக்காந்திருக்கேன். நிமிர்ந்தே பாத்துட்டேன், போதுமா?"

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதிருக்கவும் கூடும், போனில் யார் கண்டது.

லேப் ஆரம்பித்த முதல் நாள் காலை, அக்கா தேநீர்க் கோப்பையோடு இரண்டு மாடி ஏறினார். பத்தொன்பது வருடத்தில் வகுப்பு நடக்கும்போது அவர் அங்கே ஏறியது அதுவே முதல்முறை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கடை வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்த அந்தப் பெண் கடைசி மேசையில் குனிந்து, ஒற்றை விரலால் திருகை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். பூட்டு அண்ணன் பின்னால் நின்று, பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்தவர்போலத் தவித்துக்கொண்டிருந்தார்.

அக்கா தலைகளை எண்ணினார். இருபத்தைந்து. மறுபடி எண்ணினார். பக்கத்து ஸ்டூல் காலி. கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"அண்ணே, இது யாரு இடம்?"

"பட்டியல்ல ரெண்டாவதா இருந்தானே, அவன். காலைல எந்திரிக்க மாட்டான்னு பசங்க சொல்றாங்க."

தேநீரை அங்கேயே வைத்துவிட்டு அக்கா படியிறங்கினார். பதிவேட்டில் அவன் போன் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார். மணி ஏழு தடவை அடித்த பிறகுதான் எடுத்தான்.

"ஹலோ... யாரு?"

"உயிரியல் ஆபீஸ். உனக்கு ஒரு இடம் எடுத்துக் குடுத்திருக்கேன், அது மேல தூசி படியுது. பல்லு வெளக்கினாலும் சரி, வெளக்காட்டியும் சரி, பத்து நிமிஷத்துல மேல இருக்கணும். நான் எண்ண வருவேன்."