எடைமேடையில் ஒலித்த பாடம்

போன வருஷம் மாசி மாதம், கயத்தாறு பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஒரு எடைமேடையில் நடந்தது இது. லாரியை ஏற்றி நிறுத்தி லோடு எடை போடுகிற இடத்துக்கு நான் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பார்த்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தாள். அவள் தவறி அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எப்படி என்று எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

வீட்டுக் கம்ப்யூட்டர் அவளுடையது. ஊரே விண்டோஸில் ஓடும்போது அவள் லினக்ஸ் போட்டு வைத்திருந்தாள். பிள்ளைகள் கொண்டுவருகிற பென்டிரைவில் வைரஸ் தொல்லை தாங்கவில்லையாம். கேள்வித்தாள் எல்லாம் அதில்தான் தயாராகும் என்பதால் ஒரு பூட்டும் போட்டிருந்தாள். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்கும், அதை அடித்தால்தான் மேற்கொண்டு நகரும். கடவுச்சொல் எனக்கும் தெரியும். என்னைக் கிண்டல் பண்ணி அவள் வைத்த பட்டப்பெயர் அது. இங்கே எழுதினால் மானம் போய்விடும்.

கொரோனா சமயத்தில் அந்தக் கம்ப்யூட்டரில்தான் பாடம் பேசிப் பதிவு பண்ணி பிள்ளைகளுக்கு அனுப்புவாள். அவளோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் அதில் ஒரு பாடத்தை எனக்கு அனுப்பிவைத்தார். கேட்டேன். திருத்தமாக, நிதானமாக ஒரு டீச்சர் பேசினார். எனக்கு வேண்டியது டீச்சர் இல்லை, என் வீட்டுக்காரி. வெட்டித் திருத்துவதற்கு முந்தைய பதிவுகளை அவள் அழிக்கவே மாட்டாள், கம்ப்யூட்டருக்குள் அப்படியே கிடக்கும். அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது.

அதுவரை தொடவே மனசு வராமல் கிடந்த கம்ப்யூட்டரைத் தூசி தட்டிப் போட்டேன். கடவுச்சொல் கேட்டது. கீபோர்டு வேலை செய்யவில்லை. பார்த்தால், ஒயரை எலி கடித்திருந்தது. கடைக்கு ஓடிப் புதிதாக ஒரு யூ.எஸ்.பி கீபோர்டு வாங்கிவந்து மாட்டினேன். மாட்டியதும் விளக்கு எரிந்தது. கடவுச்சொல் கேட்கிற இடத்துக்கு வந்ததும் அணைந்துவிட்டது. எத்தனை தட்டினாலும் ஒரு எழுத்து உள்ளே போகவில்லை.

பெட்டியைச் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த தம்பி ஒரு பார்வை பார்த்தான். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாரேன். புதுசு மாதிரி ஆயிரும்."

"ஏலே, கைய எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஃபார்மேட் பண்ணினால் எல்லாம் அழிந்துவிடும் என்கிற அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு. அந்தத் தம்பி பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து அந்த டீச்சருக்குப் போன் பண்ணினேன். பழைய கீபோர்டின் பின் எப்படி இருக்கிறது என்று கேட்டார். உருண்டையாக என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆகணும்னு அவுக, அன்னைக்கு மாட்டியிருந்த சாமானுக்கு மட்டும் ஆரம்பத்துல வழி வச்சிருக்காவ அண்ணாச்சி. கடவுச்சொல் கேக்குத நேரத்துல அதுக்கு யூ.எஸ்.பி கீபோர்டுன்னா என்னன்னே தெரியாது. ஒரே ஒரு தடவ உருண்டை பின் கீபோர்டுல உள்ள போயிருங்க. மிச்சத்த நான் போன்ல சொல்லுதேன்."

கோவில்பட்டியில் உருண்டை பின் கேட்டுப் போன கடையில் எல்லாம் சிரித்தார்கள். ஆர்டர் போட்டால் ஒரு வாரத்தில் வரும் என்றார் ஒருவர். ஒன்றரை வருஷம் அந்தப் பக்கமே திரும்பாதவனுக்கு ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. அப்போதுதான் எங்கள் உர லோடு எடை போடுகிற அந்த எடைமேடை நினைவுக்கு வந்தது. அங்கே மேஜைமேல் எழுத்தெல்லாம் அழிந்த ஒரு பழைய கீபோர்டு உண்டு. பெட்டியையும் புதுக் கீபோர்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் போய் இறங்கினேன்.

அங்கே எடை போடுகிற அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, கீபோர்டை ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றேன். "வெளிய குடுத்தா ஓனர் வைவாரு. இங்கனயே வச்சுப் பாருங்க" என்றவர், தன் கம்ப்யூட்டரை நிறுத்தி, திரையையும் கீபோர்டையும் கழற்றி என் பெட்டியில் மாட்டிவிட்டார். எடைமேடை நின்றுபோனது. மக்காச்சோளம் ஏற்றிவந்த லாரிகள் வெளியே வரிசை கட்டின. ஓட்டப்பிடாரம் பக்கத்து டிரைவர் ஒருவர் ஜன்னலில் வந்து, "என்னம்மா, எடை போடுதியா, சினிமா பாக்கியா?" என்று எகிறினார். "செத்த பொறுங்கண்ணே, ஒரு அவசரம்" என்று அந்த அம்மா எனக்காகப் பேச்சு வாங்கிக்கொண்டார்.

ஒற்றை விரலால் என் பட்டப்பெயரை அடித்தேன். திறந்துகொண்டது. டீச்சர் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, யூ.எஸ்.பி கீபோர்டையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கட்டளைகளை அடித்தேன். ஒரு இடைவெளி விட்டுப்போய் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். பிறகு நிறுத்தி, புதுக் கீபோர்டை மாட்டிப் போட்டோம். கடவுச்சொல் கேட்டது. இந்த முறை விளக்கு அணையவில்லை. எழுத்தும் உள்ளே போனது.

பெட்டியைக் கழற்றப் போனவனை அந்த அம்மா தடுத்தார். "இம்புட்டு பாடுபட்டுட்டு கேக்காம போவீயளா?" என்றவர், லாரி நம்பரைக் கூப்பிடுகிற ஸ்பீக்கரின் ஒயரை என் பெட்டியில் சொருகிவிட்டார். அந்த ஸ்பீக்கர் வெளியே கம்பத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்டித் திருத்தாத பதிவு ஒன்றைத் திறந்தேன்.

"மாணவர்களே, இன்று நாம் பார்க்கப்போவது..." என்று ரோடு முழுக்க அவள் குரல். இரண்டு வரி போயிருக்காது, பின்னால் கரகரவென்று ஒரு சத்தம். "ஏங்க! அந்த மிக்சிய நிறுத்துதீயளா? எத்தன தடவ நான் மொதல்ல இருந்து பேச?" தூரத்தில் என் குரல்: "சட்னி வேணுமா வேண்டாமா?" அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரிக்கிறாள். "மாணவர்களே" என்று ஆரம்பிக்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். லாரிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடுவதுபோல இருந்தார்.

பாடம் முடிகிறவரை ஒரு லாரியும் ஹாரன் அடிக்கவில்லை. பெட்டியை ஆட்டோவில் வைக்கும்போது, எகிறிய அதே டிரைவர் வந்து ஒரு கை பிடித்தார். "கம்ப்யூட்டருன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது, எனக்கே வெளங்குது. எந்தப் பள்ளிக்கூடத்துல இருக்காவ இந்த டீச்சரு? எம் பொண்ணு இந்த வருசம் பதினொண்ணு சேரணும்."

சொல்லியிருக்கலாம். "இப்ப லீவுல இருக்கா" என்றேன்.

"வந்ததும் சொல்லுங்க, கொண்டாந்து சேத்துருதேன்" என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டு அவர் வண்டியை மேடையில் ஏற்றப் போனார்.

அந்த மனிதருக்கு நான் இன்றுவரை போன் பண்ணவில்லை. பண்ணினால் அவள் வரமாட்டாள் என்பதை என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும், அவளை எதிர்பார்த்துக்கொண்டு என்னைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார் என்பது எனக்கு அவ்வளவு துணையாக இருக்கிறது.