பாரியின் வாயில் மாவா இல்லை

கல்யாணமான ஏழு வருஷத்தில் செங்கொடி தன் புருஷன் பாரியோடு போட்ட சண்டைகளில் பாதி மாவாவுக்காகத்தான். மகள் ஷாலு பிறந்த அன்றே அந்தப் புகையிலைக் கருமத்தை இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் அவன். ஆனால் பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று பார்வை எங்கேயோ நிலைக்கும். தாடை மட்டும் அசைபோடும். கேட்டதற்குப் பதில் வராது. வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதானே பேசாமல் இருக்கிறான்? வேறு என்னதான் நினைப்பாள் ஒருத்தி? ஒருமுறை அவன் வாயில் விரலை விட்டே துழாவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. முழுங்கிவிட்டான் கில்லாடி என்று முடிவுகட்டி, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம், கொதிக்கிற டீயைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தவன் கையிலேயே ஊற்றிக்கொண்டான். கத்தவில்லை, கையை எடுக்கவும் இல்லை. புண்ணுக்கு மருந்து போடப் போன இடத்தில் டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்க, செங்கொடி மாவா கதையை ஒப்பித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும், இதுவும் வலிப்புதான் என்றார். கீழே விழமாட்டார், நுரை தள்ளாது, அந்த ஒரு நிமிஷம் அவருக்கு நினைவும் இருக்காது. மாத்திரையை விடக்கூடாது, நான் சொல்லும்வரை எந்த வண்டியும் ஓட்டக்கூடாது.

இத்தனை வருஷம் இவனைப் பொய்யன் என்றேனே என்று செங்கொடி மருகினாள். அழக்கூட நேரமில்லை. பாரி பிழைப்பதே வண்டி ஓட்டித்தான்.

மாத்தூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி. சரக்கைத் தூக்கிவிட்டால் எதிரே என்ன இருக்கிறதென்று ஓட்டுகிறவனுக்குச் சரியாகத் தெரியாது. குடியிருப்பில் பக்கத்து பிளாக்கில் இருக்கும் பீம்ராவ்தான் அங்கே வண்டிக்கு முன்னால் நின்று, கையைக் காட்டிக் காட்டிப் பின்பக்கமாகவே நடப்பான். அவன் நடப்பது பாரியின் பிரேக்கை நம்பி.

"வலிப்புன்னா கீய வுயுந்து பொரள்றது. நா எப்பமே வுயுந்தேன்? யார்டுல இதெல்லாம் தெரிஞ்சா கேட்டோட அனுப்சிடுவான்" என்றான் பாரி.

"வண்டி போய்க்கினு இருக்கசொல்ல வந்தா பீம்ராவ் இன்னா ஆவான்?"

"வந்தா எனக்குத் தெரியாதா?"

அதுதானே கஷ்டம், அவனுக்குத் தெரியவே தெரியாது. அவள் எத்தனை சொன்னாலும், பழைய மாவா சண்டையைப் புதுப் பேரில் போடுகிறாள் என்றே எடுத்துக்கொண்டான்.

மூன்று வாரம் செங்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவன் படி இறங்கினால் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். மத்தியானம் ஏதாவது சாக்குச் சொல்லி போன் போடுவாள். எடுக்கவில்லையென்றால் மறுபடி மறுபடி போடுவாள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பீம்ராவின் மனைவி பூவம்மா சிரித்தால், பாதிக் குடத்தோடு திரும்பிவிடுவாள். அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷாலு அவன் மடியில் உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். தாடை அசையத் தொடங்கியது. இந்தத் தடவை செங்கொடி கத்தவில்லை, போனை எடுத்துப் பிடித்தாள். ஒரு நிமிஷம் கழித்து, "இன்னாமே படம் புடிச்சிக்கினு கீற?" என்று கேட்டான் அவன். அவள் போனைக் கொடுத்தாள்.

முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தான். படத்தில் ஷாலு, "நைனா, நைனா" என்று கன்னத்தைத் தட்டினாள். அவன் விரல்கள் லுங்கியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. குழந்தை மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள். அவன் கை அசையவில்லை.

"கொயந்த வுயுறா. நா புடிக்கவே இல்லியே" என்றான்.

இன்னொரு முறை போட்டுப் பார்த்தான். பிறகு பீம்ராவைக் கூப்பிட்டான்.

"மாமு, நாளிக்கு என் வண்டி முன்னால நீ நிக்காத."

"ஏன், காத்தாலயே தண்ணி போட்டுக்கினு வரப்போறியா?" என்று அந்தப் பக்கம் பீம்ராவ் சிரித்தான்.

பாரி போனைச் செங்கொடியிடம் நீட்டினான்.

"நீ சொல்லுமே. அந்த நேரத்துல நா இன்னா பண்றேன்னு உனக்குத்தான் தெரியும்."