ஆக்கினவரைக் கேட்ட ஜெமீல் நானா

செய்தி வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். தலைமன்னார் வீதியில் ஒரு கடையில் சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். கந்தோரிலிருந்து அழைத்தார்கள். ஜெமீல் நானா காலையில் மௌத்தாகிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம், கனகாலமாகச் சிறுநீரக வருத்தமாம் என்றார்கள். “ஆருக்கு வருத்தம்?” என்று கேட்டேன். எத்தனையோ வருடம் அவரோடு ஒரே வாகனத்தில் ஓடி, ஒரே மேசையில் உண்டவன் கேட்ட கேள்வி இது. வெட்கங்கெட்ட கேள்வி.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைச் ‘சாப்பாட்டில் நோண்டிப் பார்க்கிற மனிசன்’ என்று பகிடி பண்ணியிருப்பீர்கள். அந்தப் பகிடியைத் தொடக்கி வைத்தவன் நான்தான்.

நாங்கள் இருவரும் கள உத்தியோகத்தர்கள். இன்றைக்கு விடத்தல்தீவு என்றால் நாளைக்கு முசலி. மதியச் சாப்பாடு எப்போதும் கடையில்தான். எந்தக் கடைக்குள் போனாலும் நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் நேரே குசினி வாசலுக்குப் போவார். இந்தக் கறிக்குள் என்னென்ன சேர்த்தீர்கள், தூள் பைக்கற்றோ வீட்டில் இடித்ததோ, சூப் கட்டி போட்டதோ, கருவாடு கலந்ததோ, குழம்பை வேறாகத் தரலாமோ என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். குரல் உயராது, சிரித்த முகம் மாறாது. பின்னால் காத்திருக்கிறவர்கள் எங்கள் மேசையைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியாது.

ஒருநாள், ஏன் நானா இந்தக் கரைச்சல் என்று கேட்டேன். அவர் மேசையில் கிடந்த விசுக்கோத்துப் பைக்கற்றைத் தூக்கிக் காட்டினார். “இதில எல்லாம் எழுதிக் கிடக்கு, தம்பி. சோடாப் போத்தலிலகூடச் சீனி கூடவோ குறையவோ எண்டு நிறம் போட்டுக் காட்டியிருக்கிறாங்கள். சோத்துக்கோப்பையில ஒண்டும் எழுதேல்லையே. ஆக்கினவரைத்தான் கேக்கோணும்.” காசுமேசையில் இருக்கிறவரைக் கேட்டுப் பிரயோசனமில்லை, அவர் வாடிக்கையாளர் விரும்புகிற பதிலைத்தான் சொல்லுவார் என்றும் சொன்னார். உப்பென்ற சொல்லை மட்டும் என் முன்னால் அவர் எடுத்ததேயில்லை.

ஒரு முஸ்லிம் மனிதர் தமிழரான எங்கள் ஆட்களின் கடையில் நின்று “இதுக்குள்ள என்ன?” என்று கேட்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். விடத்தல்தீவில் கடை வைத்திருந்த அக்கா ஒருவர், கோழி உங்கட ஆக்களிட்டத்தான் வாங்கினது, சட்டியும் வேற, பயப்படாமச் சாப்பிடுங்கோ என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். நானா அதைத் திருத்தவில்லை. சந்தோசம் அக்கா என்று சொல்லிவிட்டுக் குழம்பில்லாமல் சாப்பிட்டார். நானும் ஹலால் பார்க்கிறார் என்றே நினைத்தேன். சிலாவத்துறையில் அவருடைய சொந்த ஆட்களின் கடையிலும் இதே கேள்விகளைத்தான் கேட்டார். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அங்கே எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மண்டைக்குள் ஒன்றை முடிவு கட்டி வைத்தவனுக்குக் காது இருந்தென்ன, இல்லாமல் போயென்ன?

பேசாலையில் என் பெரியம்மாவின் மகன் கடை திறந்தபோது நானாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் தன் கையாலேயே மீன்குழம்பு கொண்டுவந்து வைத்தார். நானா வழமைபோல, இதுக்குள் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. சின்ன வயதில், எங்கள் ஆட்களின் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முசலியை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்த மனிதர் அவர். அது தெரிந்திருந்தும் அவரைப் பார்த்துச் சொன்னேன்: “எங்கட ஆக்களில உங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரேல்ல, என்ன?”

அவர் குழம்பைச் சோற்றில் ஊற்றிக் குழைத்து முழுவதையும் சாப்பிட்டார். அன்றோடு என் முன்னால் அவர் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு வழியாக மனிசனைத் திருத்திவிட்டேன் என்று கந்தோரில் பெருமையடித்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அந்த வருடம் எங்கள் வேதக்கோயில் திருவிழாவுக்குக் கீரியில் என் வீட்டுக்கு வந்தார். மனுசி கருவாட்டுக் குழம்பும் மீன்பொரியலும் ஊறுகாயும் வைத்தாள். வாய் திறந்து ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். கைமணத்தைப் புகழ்ந்தார். பிறகு ஒரு கிழமை கந்தோருக்கு வரவில்லை. காய்ச்சலாம் என்றார்கள், நானும் நம்பினேன். போய்ப் பார்க்கவில்லை.

அடக்கத்தன்று அவருடைய மைத்துனர்தான் விசயத்தைச் சொன்னார். உப்பைக் கட்டாயம் குறைக்க வேண்டும் என்று டொக்டர் எச்சரித்து வருடக்கணக்காகிவிட்டதாம். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலம், வாப்பா நோயாளி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று வெளியில் விடவில்லையாம். மார்க்கப் பற்று மிஞ்சிய ஆள் என்று ஊர் நினைத்தால் நினைக்கட்டும் என்று இருந்துவிட்டாராம். மகள் கட்டிப் போன பிறகாவது எனக்குச் சொல்லியிருக்கலாம். பேசாலையில் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு எந்த வாயால் சொல்லுவார்?

நாற்பதாம் நாள் ஓதிச் சாப்பாடு கொடுக்கிற கத்தத்துக்குப் போனேன். ராத்தா, அதாவது அவருடைய மனைவி, கணவன் மௌத்தானபின் மறைவாக இருக்கிற இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னால் நின்று பேசினார். திருவிழாவுக்கு வந்துபோன பிறகு நானாவின் கால் இரண்டும் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைச் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. என்னில் அவர் எவ்வளவு பட்சமாக இருந்தார் என்று காட்டத்தான் சொன்னார். ஏன் கேட்காமல் சாப்பிட்டீர்கள் என்று ராத்தா ஏசியதற்கு அவர் சொன்னாராம்: “அந்த வீட்டில கேக்க ஏலாது. கேட்டா அந்தத் தம்பிட மனம் உடைஞ்சு போயிரும்.”

அந்த ஒரு சாப்பாட்டால்தான் அவர் போனார் என்று எந்த டொக்டரும் சொல்லமாட்டார். ராத்தாவும் சொல்லவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் சாப்பாட்டுக்குப் பாய் விரித்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா கேட்டார்: “தம்பி, உங்களுக்குப் பிறசர், சீனி ஏதும் இருக்கோ? உப்புக் குறைச்சு வேறயாவும் ஆக்கியிருக்கிறம். எதை வைக்கச் சொல்லட்டும்?”

எனக்குப் பிறசரும் இல்லை, சீனியும் இல்லை. உப்புக் குறைத்ததையே வைக்கச் சொன்னேன்.

ஜெமீல் நானாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வீட்டில் என்னைக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். இப்போது என் வீட்டுக்கு ஆர் வந்தாலும், கோப்பை வைக்க முன்னர், உங்களுக்கு எது ஆகாது என்று கேட்கிறேன். மனுசியும் கேட்கிறாள். வந்தவர்கள் கூச்சப்படாமல் சொல்லுகிறார்கள், எங்களுக்கும் மனம் உடையவில்லை. கேட்பது இவ்வளவு லேசான காரியம். அன்றைக்குத் திருவிழாவில் அவருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.