பாட்டு மட்டும் போன கல்யாணம்

அம்மாவை மண்ணுக்கு ஒப்படைத்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பெரும்பாலோருக்கு அம்மாவின் பாட்டுகள் தெரியும், அம்மாவைத் தெரியாது. மனப்பாடமாகப் பாடுகிறவர்களுக்கு அந்தப் பாட்டுகள் எங்கே, எதனால் பிறந்தன என்பதையாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நான் அம்மாவின் ஒரே மகள்.

அம்மா பிறந்தது ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்ததால் வீட்டின் பொறுப்பு அண்ணனிடம் வந்தது. அவர்களே என் பெரிய மாமா. பின்னாளில் திசையன்விளையில் கடை வைத்து, சபையின் பாடகர் குழுவையும் நடத்தியவர்கள். அம்மாவுக்கு ஒரு தங்கையும் உண்டு, என் சித்தி.

அந்த ஊரில் கோடை வந்தால் தண்ணீர் லாரியை நம்பித்தான் பிழைப்பு. ஒருநாள் காலையிலிருந்து வரிசையில் நின்ற அம்மாவின் முறை வந்தபோது லாரிக்காரர் குழாயை மூடிவிட்டார். "நாளைக்கு வா பிள்ளே" என்றாராம். அம்மா கோபத்தில் வெறுங்குடத்தை உதைக்க, அது உருண்டு வறண்ட ஓடையில் விழுந்தது. அதை எடுக்க இறங்கியபோதுதான் முதல் பாட்டின் முதல் அடி வந்தது.

'வெறுங்குடம் சுமந்து வந்தேன், வேந்தனே,
வழியெல்லாம் தாகம் என்னோடு நடந்தது.'

சபையில் அதைப் பாடக் கேட்ட குருவானவர், கிணற்றடியில் ஆண்டவரைச் சந்தித்த சமாரியப் பெண்ணை நினைத்து எழுதிய பாட்டு என்று பிரசங்கித்தார். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன்.

"சமாரியாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு வந்த கோவத்துக்கு யார்ட்டட்டி போய்ச் சண்டை போட? கடவுள்ட்ட போட்டேன். அவரு திருப்பி அடிக்கமாட்டாருல்லா" என்றார்கள்.

ஆசிரியப் பயிற்சிக்காக அம்மா பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். படிப்பு முடிந்து மாநகராட்சிப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவர்கள் என் அப்பா. டவுனில் பழைய சைவக் குடும்பம். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மருமகளை வாசற்படி ஏற்றமாட்டோம் என்று அப்பா வீட்டில் சொன்னார்கள். பெரிய மாமா அதைவிட அமைதியாகக் காரியத்தை முடித்தார்கள். அடுத்த முறை சபைப் பாட்டுப் புத்தகம் அச்சானபோது அம்மாவின் பாட்டுகள் எல்லாம் இருந்தன. அவற்றின் கீழே, 'இயற்றியவர் பெயர் அறியோம்' என்று இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த தங்கையின் பெயரை அறியாமல் போனவர்கள் என் மாமா.

புத்தகத்தைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். "விடு. நீ பாடு, நான் கேக்கேன்" என்றார்களாம் அப்பா. நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்து, அம்மாவின் கிறிஸ்தவப் பாட்டுகளுக்குத் தொடையில் தாளம் போட்ட மனிதர் அவர்கள். எங்கள் வீட்டில் சாமியின் பெயரால் ஒரு சண்டையும் நடந்து நான் பார்த்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்துச் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. யாருக்கும் தெரியாமல் சித்தி பஸ் ஏறி வந்து, அம்மாவின் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள்.

"அக்கா, என் கல்யாணத்துக்கு நீ ஒரு பாட்டு எழுதித் தரணும். உன் பாட்டு இல்லாம எனக்கு என்ன கல்யாணம்?"

"தாரேன். நான் வரலாமாட்டி?"

சித்தி அழுதுவிட்டார்கள். "அண்ணாச்சிட்ட கேட்டுப் பாத்தேங்க்கா. பாட்டு வரட்டும், அவ வரவேண்டாம்னு சொல்லுதாவ."

அம்மா சித்தியின் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்களாம். பிறகு, "சரி, அதையே அனுப்புதேன்" என்றார்களாம். அப்படிப் போனதுதான் இன்று நம் உறவில் எந்தக் கல்யாணமானாலும் பாடப்படுகிற பாட்டு.

'வாசலில் நிற்பவரை உள்ளே அழையுங்கள்,
மணவீடு அப்போதுதான் நிறையும்.'

கல்யாணத்தன்று அம்மாவும் அப்பாவும் சபைக் கோயிலுக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடையின் ஓரமாக நின்றார்கள். நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. கோயிலுக்குள் நுழைந்த உறவினர்கள் சிலர் அம்மாவைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு வேகமாகப் படியேறினார்கள். உள்ளே எல்லாரும் கண்களை மூடி, வாசலில் நிற்கும் இயேசுவை உள்ளே அழைத்தார்கள். பாட்டு முடிந்ததும் அம்மா, "ராகத்தைக் கொஞ்சம் இழுத்துட்டாவ" என்று மட்டும் சொன்னார்களாம். அதை என்னிடம் சொன்னது அப்பா. அந்த நாளைப் பற்றி அம்மா தாமாக ஒருநாளும் பேசியதில்லை.

எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான். பிறந்ததும் அழவில்லை, அன்று சாயங்காலமே போய்விட்டான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று பெரிய மாமாவிடமிருந்து பதில் வந்தது. அப்பாவின் டவுன் வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. அப்பா ஒரு புதுத் துண்டில் சுற்றி, ஆற்றுக்கு அருகே இருந்த பொது இடுகாட்டுக்குத் தம்பியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மா படுக்கையை விட்டு எழுந்த பிறகு, துணி துவைக்கும்போது ஒரு தாலாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

'அழுகை அறியாப் பாலகனே, கண்ணுறங்கு,
மண்ணின் மடி மெத்தையென்று கண்ணுறங்கு.'

துக்கம் விசாரிக்க வந்த சித்தி அதைக் கேட்டுக்கொண்டு போனார்கள். தம் வீட்டில் வாய்விட்டுப் பாடியிருக்கிறார்கள். அதில் சித்தியின் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது பெரிய மாமாவின் காதுக்குப் போய், அங்கிருந்து பாடகர் குழுவுக்குப் போய், அந்த ஆண்டே கிறிஸ்துமஸ் பாட்டாகிவிட்டது. பரலோகத்தை விட்டு மண்ணுக்கு இறங்கி வந்த மீட்பரைத் தாலாட்டும் பாட்டு என்று விளக்கமும் சொன்னார்கள். இப்போது எங்கள் தெருமுனைக் கோயில் வரைக்கும் வந்துவிட்டது. தேவதூதர் வேடம் போட்ட பிள்ளைகளை மேடையில் நிறுத்தி, சிரித்த முகமாகப் பாடச் சொல்கிறார்கள். அந்தப் பாட்டில் உறங்குவது என் தம்பி.

முதன்முதலில் அதை ஒலிபெருக்கியில் கேட்டபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுச் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு அம்மா பாட்டே எழுதவில்லை. நான் கல்லூரிக்குப் போகிற வயதில், "ஏம்மா இப்ப எழுத மாட்டேங்குத?" என்று கேட்டேன்.

"எழுதுனா எடுத்துட்டுப் போயிருவாவ. இனி வருத்தமாவது எனக்குன்னு இருக்கட்டும்."

அப்பா திடீரென்று மாரடைப்பில் போனார்கள். எரிக்கும் வழக்கமுள்ள குடும்பம். ஆனாலும், "என்னையப் பிள்ளை பக்கத்துல வையுங்க" என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். அப்படியே செய்தோம். பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்துகொண்டு காலம் தள்ள வேண்டியதாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளெல்லாம் உரக்கப் பாடிக் காட்டிய குரல், தண்ணீர் கேட்கவும் தயங்குகிற குரலாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் பெரிய மாமா எங்கள் வீட்டுப் படியேறினார்கள். கையில் புதிதாக அச்சான பாட்டுப் புத்தகம் இருந்தது.

"ஏட்டி, பாத்தியா? உன் பேரைப் போட்டாச்சு. மொத பக்கத்துலயே போட்டாச்சு."

அம்மா கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். தகப்பனாரின் பெயரும் பிறந்த ஊரும் சேர்த்து அம்மாவின் பெயர் இருந்தது. அப்பாவின் பெயர் இல்லை.

"இவ யாரு அண்ணாச்சி?"

"நீதாம்மா. வேற யாரு?"

"இவ கல்யாணம் ஆகாதவள்லா. என் வீட்டுக்காரர் பேரு எங்க?"

மாமா என்னைப் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பார்த்தார்கள். "சபையில நாலு பேரு நாலு விதமா பேசுவான். அதெல்லாம் பைய பாத்துக்கலாம்."

"பைய பாக்க எனக்கு ஏது நேரம்? எடுத்துட்டுப் போங்க."

மாமா காப்பி குடிக்காமல் கிளம்பினார்கள். அவர்கள் தெருவைத் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்து, "நான் போனா இவிய எல்லாம் பாடிட்டு வருவாவ. ஒரு பாட்டும் வேண்டாம். உங்க அப்பா பக்கத்துல சத்தமில்லாம வச்சிரு" என்றார்கள்.

அம்மா போன அன்று, சொன்னபடியே ஒரு வேன் நிறையப் பாடகர் குழு வந்தது. ஆர்மோனியத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது நான் போய், "பாட்டு வேண்டாம் மாமா" என்றேன்.

"அவ எழுதுன பாட்டு. அவளுக்குப் பாடாம யாருக்குப் பாடுதது?"

"அம்மா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்காவ."

"நீயாக் கட்டிச் சொல்லுத. ஊரு என்ன நினைக்கும்?"

"அந்த ஊரு அன்னைக்குக் கோயில் வாசல்ல எங்கம்மையப் பாத்துட்டுத்தானே உள்ள போச்சு?"

மாமா குழுவைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஆர்மோனியம் வேனுக்குத் திரும்பியது. மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்க, அம்மாவை அப்பாவுக்கும் தம்பிக்கும் அருகே வைத்தோம். கல்நெஞ்சக்காரி என்று என்னைச் சொன்னவர்கள் பலர். சொல்லிவிட்டுப் போகட்டும். சித்தி மட்டும் குழியருகே நின்றபோது அவர்கள் உதடு அசைவதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. நானும் தடுக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். டயாலிசிஸ் முடிந்து வந்த நாளெல்லாம் உப்புக் குறைத்துக் கஞ்சி வைத்துத் தந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் அக்காவுக்கு. மாடிப்படியில் அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கி, எனக்குப் பாத்திமா என்று ஒரு மகள் பிறந்தால் எப்படித் தாங்குவேனோ அப்படித் தாங்குகிறேன் என்று சிரித்த, பிள்ளையில்லாத ஆட்டோ மைதீன் அண்ணாச்சிக்கு. நரம்பு கிடைக்காத நாட்களில் அம்மாவின் கையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பிறகு ஊசி குத்திய செவிலியருக்கு. அஞ்சி அஞ்சியாவது வந்துகொண்டே இருந்த சித்திக்கு. அந்தக் கடைசி நாட்களில் இவர்களில் யாரும் அம்மாவிடம் ஒரு பாட்டுக் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரையை மலரில் சேர்க்க வேண்டாம், குடும்ப மானம் போகும் என்று பெரிய மாமா ஆள் விட்டுச் சொன்னார்கள். சேர்த்திருக்கிறேன். அவர்களுக்குரிய பிரதியைத் தபாலில் அனுப்பப்போவதில்லை. திசையன்விளைக்கு நானே கொண்டுபோவேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் வாசித்துக் காட்டுவேன். தெரிகிறது என்றால், அவர்கள் வாசித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.

— மகள்