வெஞ்சனம் இல்லாத சோறு

பழைய சோற்றுப் பருக்கையை விரலிடுக்கில் நசுக்கும்போது எழும் அந்தப் புளித்த வாடை, இன்றைக்கும் எனக்குப் பத்திரிகை ஆபீஸைத்தான் நினைவுபடுத்துகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் பாவாடை தாவணியோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான், மெட்ராஸுக்குக் கதை அனுப்பும்போதெல்லாம் இரண்டாம் தாளையும் மூன்றாம் தாளையும் ஓரத்தில் ஒரு பருக்கை வைத்து ஒட்டிவிடுவேன். ஆசிரியர் என்று சொல்லிக்கொள்கிறவர் உண்மையிலேயே படிக்கிறாரா, இல்லை பிரிக்காமலேயே திருப்பி விடுகிறாரா என்று கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒட்டியது ஒட்டியபடியே திரும்பி வரும். பார்த்தாயா, நான் நினைத்தது சரிதானே என்று மனசு குதிக்கும். கதை நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை, படிக்கவே இல்லை, அவ்வளவுதான். அந்தச் சந்தேகம்தான் எனக்கு ஆறுதல். அது போதாதென்று, தபால்காரர் எங்கள் வாசலில் மட்டும் மணியை வேண்டுமென்றே இழுத்து அடிக்கிறாரோ, தம்பி என் ஸ்டாம்பைக் கிழித்து விற்கிறானோ என்றும் தோன்றும். யாரையும் நம்பாத பிள்ளை நான்.

அப்பாவுக்குப் பஞ்சு மில்லில் வேலை. ஒருநாள் தலையெல்லாம் பஞ்சோடு வந்தவர், திரும்பி வந்த உறையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "கட்டிக் குடுக்கப்போற புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு ஸ்டாம்பு? இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா, அத்தோட நிப்பாட்டிரணும், ஆமா!"

"செத்த சும்மா இருங்க. அவ என்ன சினிமாவுக்கா காசு கேக்குறா?" என்றாள் அம்மா.

ஆக, கடைசியாக ஒரு கதை. மழை பொய்த்த வருஷத்தில், இருக்கிற அவரைக்காயைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிற தாயின் கதை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற பொரியலோ கூட்டோ, எங்கள் பக்கத்தில் எல்லாமே 'வெஞ்சனம்'தான். 'அன்றைக்கும் அவள் வெஞ்சனம் இல்லாமல்தான் சாப்பிட்டாள்' என்ற ஒரு வரியில்தான் மொத்தக் கதையும் நின்றது.

அதுவும் திரும்பி வந்தது. ஆனால் இந்தத் தடவை பருக்கை உதிர்ந்து, தாள்கள் பிரிந்து கிடந்தன. வெயிலில் பிரிந்திருக்கும், தம்பி பிரித்திருப்பான் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் சிவப்புப் பென்சிலைக் கண்டேன். 'வெஞ்சனம்' என்பதை அடித்துவிட்டு மேலே 'வஞ்சனை' என்று திருத்தியிருந்தது! அன்றைக்கும் அவள் வஞ்சனை இல்லாமல்தான் சாப்பிட்டாளாம். ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: 'இப்படி வயிறாரச் சாப்பிடுகிறவள்மேல் வாசகருக்கு எப்படி இரக்கம் வரும்?'

படிக்காமல் தள்ளியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், அழுதுகொண்டே அதை வாசித்துக் காட்டினேன். எழுத்துத் தெரியாத அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அட கூறுகெட்ட மனுசா! வெஞ்சனம்னா தெரியாதாமா? ஆனா படிச்சிருக்காரு பாருத்தா. படிக்கப்போயித்தான மாத்திருக்காரு."

அப்பா சிரிக்கவில்லை. அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெறும் சோறும் குழம்பும்தான் இருந்தன. தன் தட்டிலிருந்த கத்தரிக்காயை அள்ளி அதில் வைத்தார்.

"மறுபடியும் அனுப்புத்தா. அந்தச் சொல்ல மட்டும் மாத்திறாத."

அனுப்பினேன். திரும்பியது. வேறு இடத்துக்கு அனுப்பினேன், அங்கே 'பதார்த்தம்' என்று மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். பிற்பாடு எத்தனையோ கதைகள் அச்சில் வந்தன. அது மட்டும் வரவே இல்லை.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அதே ஊரில் வளர்கிற என் பேத்தி, "சைடு டிஷ் என்ன?" என்று கேட்டுக்கொண்டு தட்டின் முன் உட்காருகிறாள். எழுதியதைப் போனிலேயே அனுப்பிவிடுகிற காலத்தில் பருக்கை ஒட்டவும் இடமில்லை. ஆனால் என் சந்தேகம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதனால் இதை அச்சேற்றுகிறவருக்கு ஒரு வார்த்தை: கட்டுரையில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள் ஐயா, கீழே இருக்கிற வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அன்றைக்கும் அவள் வெஞ்சனம் இல்லாமல்தான் சாப்பிட்டாள்.