கொழும்பு மாநாட்டில் ஒரு முகர்ரர்

பொருளாதாரம் சொல்லித்தருகிறவர்களுக்குச் சம்பளம் இல்லாத ஒரு வேலை உண்டு. அதற்கு ‘ஆதரவுக்குப் போவது’ என்று பெயர். நண்பன் மாநாட்டில் பேப்பர் வாசிப்பான். நாம் முன்வரிசையில் உட்கார்ந்து, புரிந்ததுபோல் தலையாட்டி, அவனே எழுதிக்கொடுத்த கேள்வியை அவனிடமே கேட்க வேண்டும். அறிவு வளர்வது இப்படித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வேலூர்க் கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த ஹமீதுக்காக இப்படிக் கொழும்பு போனேன். கொழும்பெல்லாம் வெளிநாடா என்று கேட்பவர்கள் தனுஷ்கோடியில் ஒருமுறை கப்பல் ஏறிப் பார்க்கட்டும். என் குடல் ஒப்புக்கொண்டது.

ஹமீது தற்காலிக லெக்சரர். பேப்பர் மாநாட்டுத் தொகுப்பில் அச்சேறினால் வேலை நிரந்தரம் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். இல்லையென்றால் ஆம்பூரில் மாமாவின் மண்டியில் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவ வேண்டியதுதான்.

அந்த மாமா காதர் சாயபுவும் எங்களோடு வந்தார். கப்பல் செலவு அவருடையது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

“மருமவன் பேசறப்போ நான் வூட்ல குந்திகினு இருக்கறதா? சபையில நம்ம ஆளு ஜாஸ்தி இருக்கணும், வாத்யாரே” என்றார்.

மாநாட்டுத் தலைவர் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். ஆளுக்கு இருபது நிமிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிச் சிந்தித்தார். குறட்டை விட்டுச் சிந்திப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

ஹமீதின் முறை வந்தது. இங்கிலீஷில் வாசித்தான். பாதியில் ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “எங்கள் ஊர் ஆடு பாதிப் பதனிட்ட தோலாகக் கப்பல் ஏறுகிறது, பூட்ஸாகத் திரும்பி வரும்போது, வளர்த்தவனால் அதை வாங்க முடிவதில்லை.”

சாயபுவுக்கு வியாபார இங்கிலீஷ் தெரியும். மண்டியில் தினமும் அவர் புலம்புவதும் இதைத்தான். துள்ளி எழுந்தார்.

“வாஹ்! வாஹ்! முகர்ரர்!”

ஆம்பூரில் உருதுக் கவியரங்கம் நடந்தால் நல்ல வரிக்கு இப்படித்தான் குரல் எழும்பும். முகர்ரர் என்றால் ‘இன்னொரு தரம்’. கவிஞர் சலாம் வைத்துவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. ஹமீதும் ஆம்பூர்க்காரன் அல்லவா? பழக்கதோஷம், கை தானாக நெற்றிக்குப் போனது. சலாம் வைத்து அந்த வரியை மறுபடி வாசித்தான். மாமா விடவில்லை, இன்னொரு முகர்ரர். தலைவர் விழித்துக்கொண்டார். நான் யாரோ எவரோ என்று கூரையைப் பார்த்தேன். மூன்றாம் தரமும் வாசித்துவிட்டு அவன் மேலே போவதற்குள், நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் உழைத்து எழுதிய முடிவுரை அவன் கையிலேயே தங்கிவிட்டது.

வெளியே வந்ததும் ஹமீதுக்குக் கண் கலங்கிவிட்டது. “என் வேலையே போச்சு, மாமூ!” என்றான்.

“இன்னாடா போச்சு? காலைலேர்ந்து எத்தினி பேரு பேசினாங்க, ஒருத்தனுக்காச்சும் ஒரு வாஹ் வந்துச்சா? சும்மா பேஜார் பண்ணாதே.”

கடைசி நாள் தலைவர் நிறைவுரை ஆற்றினார். எல்லாப் பேப்பரையும் பொதுவாகப் பாராட்டினார். அதாவது, ஒன்றுமே நினைவில் இல்லை. பிறகு ஹமீதின் வரியை மட்டும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். சபையும் கூடவே முணுமுணுத்தது. மூன்று தரம் கேட்டால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது? தொகுப்பில் அவன் பேப்பர்தான் முதலில் வந்தது. வேலையும் நிரந்தரமானது. எல்லாம் அந்த முடிவுரையின் சிறப்பு என்று பிரின்சிபால் பாராட்டினார்.

இளைய லெக்சரர்களே, முடிவுரையை நம்பாதீர்கள். ஆம்பூரிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த மாநாட்டில் என் பேப்பர். சாயபுவை என் செலவில் அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன். இருபது நிமிடமும் கண்கொட்டாமல் கேட்டார். வாயைத் திறக்கவே இல்லை.

“ஏன் சாயபு, ஒரு வாஹ்கூட வரலையே?” என்று வெளியே வந்து கேட்டேவிட்டேன்.

அவர் ஆதரவாக என் தோளைத் தட்டினார்.

“நானும் ரெடியாத்தான் குந்திகினு இருந்தேன், வாத்யாரே. ஒரு வரியாச்சும் வரும்னு.”