விட்டத்தில் தொங்கிய கண்மலர்

எட்டு வயதில் நான் என் அம்மாவுக்கு வாத்தியாராக இருந்தேன். நல்ல வாத்தியார் என்று சொல்ல முடியாது; கையில் ஆவாரங்குச்சி மட்டும் எப்போதும் இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்த வருஷம் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகத் தீர்மானித்திருந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் மிஷன் உபதேசியார் பரீட்சை வைப்பார். பத்துக் கட்டளையும் ஜெபங்களும் தண்ணீர்பட்ட பாடாக வரவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு, மிஷன் பள்ளியில் படித்த நான் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்தேன். கூழ் கிண்டிக்கொண்டே சொல்லுவாள். ஆறாம் கட்டளைக்கும் ஏழாம் கட்டளைக்கும் நடுவில் கூழ் அடிபிடித்துவிடும்.

வேறு தெய்வம் கூடாது என்கிற முதல் கட்டளை வரும்போதெல்லாம் என் பார்வை தானாக விட்டத்துக்குப் போகும். அங்கே ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. உள்ளே வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு ஜோடி கண்மலர். முந்தின வருஷம் எனக்கு அம்மை போட்டு இரண்டு கண்ணும் மூடிக்கொண்டபோது, கண் பிழைத்தால் கண்மலர் சாத்துகிறேன் என்று அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்தது. சாத்துவதற்குள் நைனா உபதேசியாரின் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கோவிலுக்குப் போக அவர் விடவில்லை. நேர்ந்துகொண்டதைச் செலுத்தாவிட்டால் கொடுத்த கண்ணை அம்மனே எடுத்துக்கொள்வாள் என்று தெருவில் சொல்வார்கள். அம்மாவுக்கு முடிச்சை அவிழ்க்கத் துணிவு வரவில்லை.

என் மாணவி பெயிலாகிவிடுவாளோ என்று எனக்கு ஒரே பயம். மூன்று பேரும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. மூவருக்கும் வெள்ளைத் துணி வாங்கிப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். பரீட்சையன்று மத்தியானம் அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, உரல்மேல் ஏறி முடிச்சை அறுத்தேன். நைனாவுக்குக் கூழ் கொண்டுபோகிற சாக்கில் அவர் வேலை செய்த தோல்ஷாப்புக்குப் போய், தோலில் மயிர் கழல ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் அதைப் போட்டேன். ஆண்டவருக்கு ஒரு கை உதவின திருப்தியோடு வீடு திரும்பினேன்.

சாயங்காலம் அம்மா ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். கடைசியில் உபதேசியார், பழைய சாமிப் பொருள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டதுபோல அவளையும் கேட்டார். எல்லோரும் இல்லை என்றிருந்தார்கள். யார் வீட்டு அடுக்குப்பானையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், அதை விடுங்கள். அம்மா இருக்கிறது என்றாள். விட்டத்தில் என்று இடமும் சொன்னாள். நைனா முகத்தில் ஈயாடவில்லை.

உபதேசியார் குடையும் கையுமாக எங்கள் வீட்டுக்கே வந்தார். விட்டத்தில் அறுந்த கயிறுதான் இருந்தது. கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆண்டவரே அதை நீக்கிவிட்டார், இனித் தடையில்லை என்றார். நைனாவுக்குப் போன உயிர் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் வுடல உபதேசியாரே," என்றாள். "அதுவா போய்டுச்சு. போறது வேற, வுட்றது வேற. எம் பேர இப்ப எழுதாதீங்க."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நைனா அன்றெல்லாம் கத்தினார். வேதத்தில் சேரப் போகிறவர் கற்பூரத்தை ஏன் இழுத்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் நைனாவும் புதுத்துணியில் முன்னால் நின்றோம். அம்மா பழைய சேலையோடு, ஞானஸ்நானம் பெறாதவர்களோடு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. முடிச்சைப்பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒரு புதுப்பழக்கம் வந்தது. தினமும் நான் எழுந்ததும் எதிரில் உட்கார்ந்து, விரல்களை நீட்டி, "இது எத்தினி, சொல்லு," என்பாள். சொன்னால் சற்றுத் தள்ளிப்போய் மறுபடி காட்டுவாள். படிப்பு ஏறாத மாணவி எனக்கே கணக்குப் பாடம் நடத்துகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

தை பிறந்தபிறகு, தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை இடித்த கூலியில் அதேபோல ஒரு ஜோடி கண்மலர் வாங்கிவந்து அதே விட்டத்தில் கட்டினாள். நைனா தலையில் அடித்துக்கொண்டார். பத்து நாள் அது அங்கே தொங்கியது. பிறகு ஒரு காலையில் அவளே உரல்மேல் ஏறி அவிழ்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போய், முடிச்சை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இவ கண்ணுக்குன்னு நேந்துக்கினது. நானே வுட்டுட்டேன். இனிமே இவ கண்ண ஆண்டவரு பாத்துக்கட்டும்."

உபதேசியார் கேள்வி எதுவும் கேட்காமல் பெயரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை எழுந்து, வழக்கம்போல அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் விரலை நீட்டவில்லை. கூழைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். எனக்குக் கணக்கு நன்றாக வந்துவிட்டது, அதனால்தான் நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.